குடலுக்குப் பங்காளி இல்லை

எங்கள் ஊரில் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் யாரும் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவதில்லை. ஒரு மாட்டுக்கு ஏழு பேர் கூட்டுச் சேர்ந்து குர்பான் கொடுப்பார்கள். இறைச்சியைத் தராசில் வைத்து நிறுப்பார்கள். எலும்பைச் சமமாகப் பிரிப்பார்கள். ஈரலில் ஒரு துண்டு கூடிவிட்டால் மச்சானும் மச்சானும் முகம் பார்க்காமல் போவதுண்டு. இறைச்சிக்கு ஏழு பங்காளிகள். குடலுக்கும் இரைப்பைக்குள் கிடக்கும் பச்சைச் சாணத்துக்கும் பங்காளி இல்லை. கழுவிச் சமைக்கப் பொறுமையுள்ள வீடுகள் எடுத்தது போக மீதியெல்லாம் உரப்பையில் கட்டப்பட்டு, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி, மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு கடற்கரைக்குப் போகும். கடல் எடுத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. கடல் எடுப்பதில்லை. பையை மட்டும் உரித்துவிட்டு, உள்ளே இருந்ததைக் கரையில் நீட்டி வைத்துவிட்டுப் போகும். அதன் மேல் நாய், காகம், நண்டு. கச்சான் காற்று தரையிலிருந்து வீசும் காலம் என்பதால் பகலில் நாங்கள் தப்பிவிடுவோம். பின்னேரம் காற்று திரும்பியவுடன் பள்ளிவாசலின் முன்வரிசை வரைக்கும் நாறும்.

இந்த நாற்றத்தை ஒழிக்க ஒரு பல்கலைக்கழகம் வந்தது. பெயர் வேண்டாம். அது எங்கள் கரையைச் சேர்ந்ததல்ல, தூரத்தில் இருப்பது. அங்கே பல்துறை நிலைபேற்றுக் கற்கை என்று ஒரு புதிய முதுமாணிப் பாடநெறி தொடங்கியிருந்தார்கள். மண்ணியலும் சமூகவியலும் மார்க்கமும் ஒரே மேசையில் இருந்து ஒரே பிரச்சினையைப் பார்க்கும் என்பது அதன் கொள்கை. அவர்களுடைய கைநூலை வாசித்தபோது எனக்குப் பிடித்திருந்தது. தபால் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பவன் நான். ஒரு துறைக்காரர் இன்னொரு துறைக்காரரோடு கதைக்காததால் பாழாய்ப்போன அணைகளையும் வாய்க்கால்களையும் பற்றி நிறைய வாசித்திருந்தேன். அதனால் கல்முனைக்குடியில் என் வீட்டு மேல்மாடியைக் கள நிலையமாக வாடகைக்குக் கேட்டபோது மறுபேச்சின்றிக் கொடுத்தேன். அது நோன்புப் பெருநாள் வரும் ஷவ்வால் மாதம், ஆறு நோன்பு பிடித்துக்கொண்டிருந்த நாட்கள். கதவுத் திறப்பைக் கையில் கொடுத்தது ஒரு திங்கட்கிழமை.

வந்தவர்களில் மூவர் விரிவுரையாளர்கள். தலைவர் மண்ணியல் பேராசிரியர். எல்லோரும் அவரை சேர் என்பார்கள். இரண்டாமவர் சமூகவியல் படிப்பிக்கும் மிஸ். மூன்றாமவர் மார்க்கக் கற்கைகளுக்குப் பொறுப்பான மௌலவி. அரபு நாட்டில் படித்தவர், ஓதினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போன்ற குரல். இவர்களுக்குக் கீழே, குர்பான் கழிவைக் கூட்டெருவாக்குவதைத் தன் முதுமாணி ஆய்வாக எடுத்திருந்த ஒரு மாணவி. சம்மாந்துறைப் பிள்ளை. வாப்பாவுக்கு அரிசி ஆலை. மற்ற மாணவர்கள் சனி ஞாயிறுகளில் பஸ்ஸில் வந்து இறங்கி, படம் எடுத்து, பகல் சாப்பாடு சாப்பிட்டு, போய்விடுவார்கள்.

மேல்மாடியின் பின்பக்க யன்னலில் நின்றால் பின்வீட்டு ராத்தாவின் வளவு முழுவதும் தெரியும். ராத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா. என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் ஊரே அப்படி அழைப்பதால் நானும் அப்படித்தான் அழைக்கிறேன். அவர் என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்பார். கணவர் கட்டாரில் சாரதி. ராத்தா விடியல் தொழுகையான சுபஹுக்கு முன் எழும்பி இடியப்பம் அவித்துத் தேநீர்க் கடைகளுக்குக் கொடுக்கிறவர். எங்கள் தெருவில் பாதிக் கிணறுகளில் தண்ணீர் உவர்ப்பு. ராத்தாவின் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். தேத்தண்ணிக்கு என்று அங்கேதான் குடத்தோடு போவோம். அந்தக் கிணற்றை அவர் ஒரு பிள்ளையைப் போல வைத்திருந்தார். யாராவது செருப்புக் காலோடு கிட்டப் போனால் குசினிக்குள் இருந்தே சத்தம் வரும்.

கிணற்றுக்கு அப்பால் மதில் ஓரமாக வெறும் மணல் துண்டு ஒன்று கிடந்தது. ஆய்வுக்கு அந்த இடத்தைக் கேட்டார்கள். விரிவுரையாளர் மூவரையும் மாணவியையும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ராத்தா எல்லோரையும் நிற்க வைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கெணத்துக்கு ஒண்டும் வராதுதானே சேர்?"

"வராது ராத்தா. இது விஞ்ஞானம். பயப்புடாதீங்க."

மாணவி அந்தப் பதிலோடு விடவில்லை. எங்கள் கரையில் முழங்கால் ஆழம் தோண்டினால் தண்ணீர் ஊறும், ஆகவே தோண்டவே போவதில்லை, நிலத்துக்கு மேலேதான் குவியல் என்று ராத்தாவுக்கு விளங்கப்படுத்தினாள். கீழே படங்கு விரித்து, அதன் மேல் தடிப்பாக வைக்கோல், அதன் மேல் உமி, நடுவில் கழிவு, பிறகு மறுபடியும் உமி. நெல் சூடடிக்கும்போது விரிக்கிற அதே படங்கு. உமி அவளுடைய வாப்பாவின் ஆலையில் மலைபோலக் கிடக்கிறது. முதலில் இறைச்சிக் கடைக் கழிவில் ஒரு சிறிய குவியல் போட்டுக் காட்டினாள். ராத்தா தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து மூக்கைப் பிடிக்காமல் நின்று பார்ப்பார். சில நாட்களில் நனைந்த வைக்கோல் போரின் வாசம் மட்டும்தான் இருந்தது. ராத்தா சம்மதித்தார்.

பெருநாள் வந்தது. மூன்று நாட்களும் அந்தப் பிள்ளை கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு கூலியாட்களோடு வீடு வீடாகப் போய்க் குடல் சேர்த்தாள். எங்கள் தெருவில் படித்த பெண் ஒருத்தி மாட்டுக் குடலை வாளியில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் பலர். ராத்தா மட்டும் நேரடியாகவே சீண்டினார்.

"பொண்ணு பாக்க வாறவங்க என்ன படிச்ச எண்டு கேட்டா என்ன மக சொல்லுவ? குடல் அள்ளப் படிச்ச எண்டா?"

"மாப்பிள்ளைக்குக் குடல் கறி விருப்பமா எண்டு முதல்ல கேட்டுச் சொல்லுங்க ராத்தா. மிச்சத்த நான் பாக்கிறன்."

குவியல் ஆள் உயரத்துக்கு எழும்பியது. அந்த வருடம் எங்கள் பகுதிக் கடற்கரை, நான் நினைவு வைத்திருக்கும் காலத்தில் முதன்முறையாக, பெருநாளின் மூன்றாம் நாளில் நாறவில்லை. இதைக் கட்டாயம் எழுதிவைக்க வேண்டும். செய்யக்கூடிய காரியமாகத்தான் இருந்தது. செய்தும் காட்டப்பட்டது.

அடுத்த கிழமை ஒரு லொறி வந்து, கிணற்றுக்கு இறக்குகிற கொங்கிறீட் வளையங்களை ராத்தாவின் வாசலில் உருட்டி விட்டது.

நிதி கொடுத்த நிறுவனத்திலிருந்து விருந்தாளிகள் பார்வையிட வருகிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. அவர்களுக்கு அனுப்பிய முன்மொழிவில் குவியல் என்று இல்லை. நிலத்தடிக் குழி என்று இருந்தது. குழியின் குறுக்குவெட்டுப் படம், அம்புக்குறிகள், அதற்கு "மூடிய சுழற்சி அலகு" என்று ஒரு பெயர். சேர் அந்தக் குழியை மலைநாட்டில், தண்ணீர் எங்கோ அடியில் கிடக்கும் இறுகிய செம்மண்ணில் செய்து பரிசு வாங்கியவர். பெயர்ப்பலகையும் அதே படத்தோடு அச்சாகிவிட்டது. ஆகவே கழிவு குழிக்குள் போக வேண்டும்.

இது என் மேல்மாடியில், என் மனைவி கொண்டுபோய் வைத்த தேத்தண்ணியைக் குடித்தபடி முடிவானது. கோப்பைகளை எடுக்கப் போன நான் கதவடியில் நின்று கேட்டேன். மாணவி, இங்கே தோண்டினால் தண்ணீர் வரும் சேர் என்றாள். அதற்காகத்தானே வளையம் என்றார் சேர். வளையத்துக்கு அடி கிடையாது என்பதைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் மௌலவி, நஜீஸான, அசுத்தமான பொருளைப் புதைப்பதுதான் அழகிய முறை என்றார். மிஸ், கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் சமூகம் இலகுவாக ஏற்றுக்கொள்ளும் என்றார். மூன்று துறைகளும் ஒரே மேசையில் இருந்து ஒரே முடிவுக்கு வந்தன. கைநூலில் வாசித்தது கண் முன்னால் நடந்தது. அந்தப் பிள்ளை தன் குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்தாள். அவளுடைய ஆய்வில் கையெழுத்து வைக்க வேண்டியவர் சேர்.

இடமும் மாறியது. விருந்தாளிகள் சப்பாத்தோடு மணலில் நடக்கக் கஷ்டம் என்பதால், மதில் ஓரத்தில் வேண்டாம், பாதைக்குக் கிட்ட இருக்கட்டும் என்றார்கள். பாதைக்குக் கிட்ட என்றால் கிணற்றுக்குக் கிட்ட. வளையங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இறங்கின. கடைசி வளையம் இறங்கியபோது அடியில் தண்ணீர் மினுங்கியது. ராத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இதென்ன, எண்ட கெணத்துக்கு மாப்பிள்ள எடுத்திரிக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சேர்தான் அதிகம் சிரித்தார். பிறகு, எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் செய்கிறோம், நீங்கள் விரும்பினால் இப்போதே நிறுத்திவிடுகிறோம் என்று சொன்னார். வாசலில் பெயர்ப்பலகை நட்டு, மாணவர்கள் வட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண் நிறுத்துங்கள் என்று சொல்வாள்? ராத்தா உள்ளே போய்விட்டார்.

அன்று பின்னேரம் குவியலைப் பிரித்தார்கள். பாதி வெந்து, உமிக்குள் அடங்கிக் கிடந்த கழிவு காற்றுப்பட்டவுடன் வெளிவிட்ட மணத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. அழுகிய இறைச்சியின் நாற்றத்தோடு ஒரு இனிப்பு இருந்தது. அந்த இனிப்புத்தான் குமட்டியது. மண்வெட்டியால் வெட்டித் தள்ளியபோது குடல் கயிறு போலத் தொங்கிக்கொண்டு விழுந்தது. கீழே தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. ஒரு கிணறு தோண்டி அதற்குள் குடலைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கிணற்றில் ராத்தாவின் வாளி கப்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

விருந்தாளிகள் வந்தது ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்தே வளவில் சாம்பிராணி போட்டார்கள். சாம்பிராணியும் குடலும் சேர்ந்தால் வரும் மணம் இரண்டையும் விட மோசமானது. மரணம் நடந்த மௌத்து வீட்டில் கூட நான் அப்படி ஒன்றை முகர்ந்ததில்லை. குழிக்குக் கொங்கிறீட் மூடி போட்டு, அதன் மேல் பூச்சாடி வைத்திருந்தார்கள். ராத்தாவின் கையில் ஒரு பை கூட்டெருவைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். குழி மூடிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதில் எருவாவது மண்ணாவது. அது பூச்செடி விற்கும் கடையில் வாங்கிய பை. கடைப் பெயரை மட்டும் உரித்திருந்தார்கள். பிறகு எல்லோரும் என் மேல்மாடிக்கு வந்து, யன்னல்களை இறுக்கச் சாத்திவிட்டு, புரியாணி சாப்பிட்டார்கள். வட்டிலப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு கோப்பை வந்தது. தொட முடியவில்லை.

முஹர்ரம் மாதம் பிறந்தது. ஆஷுறா நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை காலை ராத்தா மதிலுக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு கிளாஸ் தண்ணீர். நிறத்தில் மாற்றமில்லை. முகர்ந்தேன். அதே இனிப்பு. மிக மெல்லியதாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அதே இனிப்பு. அடுத்த கிழமை முகர வேண்டிய தேவையே இருக்கவில்லை. கப்பி சுழன்றாலே மணந்தது. தேநீர்க் கடைக்காரர்கள் இடியப்பத்தைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். ஒருவர் மரியாதையாக, கொஞ்ச நாளைக்கு வேண்டாம் ராத்தா என்றார். இன்னொருவர் மரியாதையில்லாமல் சொன்னார். குடத்தோடு வந்தவர்கள் வேறு தெருவுக்குப் போனார்கள். ராத்தாவுக்குக் குழாய்த் தண்ணீர் இணைப்பு இல்லை. நல்ல கிணறு வைத்திருந்தவருக்கு அது தேவைப்பட்டதுமில்லை.

சேருக்கு நான் தொலைபேசியில் சொன்னேன். மாதிரி எடுக்க வேண்டும் என்றார். மாணவர் ஒருவர் வந்து ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்தார். அந்தப் போத்தல் என் மேல்மாடிக் குளிர்சாதனப் பெட்டியில், மிஞ்சிய வட்டிலப்பத்துக்குப் பக்கத்தில், யாரும் எடுத்துப் போகாமல் நின்றது. பிறகு மிஸ் வந்தார். அவர் வந்தது தண்ணீருக்காக அல்ல, நாற்றத்தைப் பற்றிய சமூகத்தின் மனப்பாங்கை அளப்பதற்காக. மிகவும் நாற்றம், ஓரளவு நாற்றம், நாற்றமென்றும் சொல்ல முடியாது இல்லையென்றும் சொல்ல முடியாது, இப்படித் தெரிவுகள். ராத்தா கிணற்றங்கரையில் நின்று எல்லாவற்றையும் கடைசி வரை கேட்டார்.

"மிஸ், மூக்கு உங்களுக்கும் இரிக்கிதானே?" என்றார்.

மிஸ் அதையும் எழுதிக்கொண்டார்.

முஹர்ரம் கடைசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எல்லோரும் ஒன்றாக வந்தார்கள். ஊராரின் முறைப்பாடு மாநகர சபைக்குப் போகப்போகிறது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பாடநெறி மாணவர்களையும் கூட்டிவந்து, பள்ளிவாசலில் இருந்து பிளாஸ்டிக் கதிரைகள் எடுப்பித்து, ராத்தாவின் வளவில் வட்டமாகப் போட்டார்கள். இது வெறும் கூட்டமல்ல, பாடத்தின் ஓர் அங்கம், சமூகத்தோடு பல்துறை உரையாடல் என்று சேர் மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் சோல் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு குறிப்பெடுத்தார்கள்.

ராத்தா இடியப்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நட்டத்தைப் பற்றியும் கேட்கவில்லை. மௌலவியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"மௌலவி, இந்தத் தண்ணியில வுழூ எடுத்துத் தொழுதா தொழுக கூடுமா, கூடாதா?"

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் தண்ணீர் சுத்தமானதாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மௌலவி அழகாகத் தொடங்கினார். நஜீஸ் கலந்து தண்ணீரின் நிறமோ சுவையோ மணமோ மாறிவிட்டால் அந்தத் தண்ணீரால் வுழூ கூடாது. மூன்றில் ஒன்று மாறினாலே போதும். இமாம்களின் கருத்துக்களைச் சொன்னார், அரபியில் சொன்னார், தமிழில் விளக்கினார். ராத்தா தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மௌலவி, மாறியிருக்கிறதா இல்லையா என்பதை நாம் ஊகத்தால் சொல்ல முடியாது, அது விஞ்ஞானம் தீர்மானிக்க வேண்டிய விடயம் என்று சேரைப் பார்த்தார்.

சேர், சோதித்த வரைக்கும் எல்லாம் எல்லைக்குள் இருக்கிறது என்றார். என்ன சோதித்தார்கள் என்று என் பக்கத்தில் இருந்த மாணவியிடம் மெல்லக் கேட்டேன். உப்பும் புளிப்பும் மட்டும், அதுவும் வளவிலேயே கைக்கருவியால் என்றாள். மேல்மாடியில் நின்ற போத்தல் எந்த ஆய்வுகூடத்தையும் காணவில்லை என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். மணத்தை அளக்க எங்களிடம் கருவி இல்லை, மேலும் தொழுகைக்கு உகந்ததா என்பது மார்க்கக் கேள்வி, அதில் நான் கை வைக்க மாட்டேன் என்று சேர் முடித்தார். மிஸ், இரண்டு பார்வைகளுக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும், ராத்தாவின் அனுபவமும் ஒரு வகை அறிவுதான் என்றார்.

இவ்வளவு காலமும் நான் நினைத்திருந்தது, பல துறைகள் ஒன்று சேர்ந்தால் ஒருவருக்குத் தெரியாததை மற்றவர் சொல்லுவார் என்று. இங்கே ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருடைய துறைக்குள் தள்ளி மறைத்தார்கள். மணக்கிறது என்று சொல்ல மார்க்க அறிஞருக்கு மண்ணியல் வேண்டியிருந்தது. மண்ணியல்காரருக்கு மார்க்கம் வேண்டியிருந்தது. அங்கிருந்த எல்லோருக்கும் மூக்கு இருந்தது.

அப்போது பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது.

கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கிணறு மௌலவியின் கதிரைக்கு நேர் பின்னால். வாளியில் அப்போதுதான் இறைத்த தண்ணீர். பக்கத்தில் வுழூ எடுக்கிற கல். ராத்தா வாளியைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வைத்தார். மௌலவி எழும்பி, சேர்வானியின் சுருக்கத்தைத் தட்டிவிட்டு, நாங்கள் பள்ளியிலேயே வுழூ எடுத்துக்கொள்கிறோம், ஜமாஅத்துத் தொழுகைக்குப் பிந்திவிடும் என்றார். சேரும் எழும்பினார். மாணவர்கள் எல்லோரும் எழும்பினார்கள். ஒருவர் கூட அந்த வாளியைத் தொடவில்லை.

"அப்ப பதில் கிடைச்சிட்டு மௌலவி," என்றார் ராத்தா.

மௌலவிக்கு அது கேட்டது. காது சிவந்ததை நான் பார்த்தேன். திரும்பாமல் நடந்தார். பள்ளிக்குப் போனவர்கள் தொழுகை முடிந்து அப்படியே பஸ்ஸில் ஏறிப் போனார்கள். கதிரைகளை நான்தான் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான் திரும்பி வந்தபோது ராத்தா கிணற்றங்கரையில் இருந்தார். என்னிடம், தண்ணீர் நாறத் தொடங்கியது எண்டைக்கு காக்கா என்று கேட்டார். எனக்கு நாட்கள் மறப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆஷுறாவுக்கு முந்திய வெள்ளி என்றேன். அவர் யோசித்தார். அது தனக்குத் தெரியவந்த நாள்தானே, தண்ணீர் அதற்கு முன்பே கெட்டிருக்கும்தானே என்றார். சந்தேகம் என்றால் முந்திய நாளிலிருந்து கணக்கெடுப்பதுதான் பேணுதல் என்று தானே முடிவு செய்து, குழிக்குள் கொட்டிய நாளைச் சொல்லச் சொன்னார். விருந்தாளிகள் வந்த வியாழனுக்கு முந்திய ஞாயிறு என்றேன். அந்த ஞாயிறு மஃரிபிலிருந்து அன்றுவரை அந்தத் தண்ணீரால் வுழூ எடுத்துத் தொழுத ஒவ்வொரு வக்துத் தொழுகையையும் திருப்பித் தொழ வேண்டும். அதற்குக் கழா என்று பெயர். தவறிப்போன தொழுகையை நிறைவேற்றுவது. ராத்தா அதுவரை ஒரு வக்தும் தவறவிட்டவரல்ல. நாளுக்கு ஒன்றாகத் தொழுது தீர்ப்பது என்று முடிவெடுத்தார்.

குழியைக் காலியாக்க யாரும் வரவில்லை. தெருப் பொடியன்மார் நாலு பேர் உழவு இயந்திரப் பெட்டியில் அள்ளினார்கள். கறுத்த கூழ், மேலே வெள்ளைப் புழு, இடையிடையே இன்னும் உருமாறாத குடல். அதை எங்கே கொண்டு போவது என்று யாருக்கும் தெரியவில்லை. மாநகர சபை எடுக்க மாட்டேன் என்றது. கடைசியில் கடற்கரையில் கொட்டினார்கள். பெருநாள் கழிந்து மாதத்துக்கு மேல் ஆன பிறகு, அந்த வருடத்துக் குடலும் தன் வழக்கமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று பின்னேரம் முன்வரிசை வரைக்கும் நாறியது.

மாணவி மட்டும் ஒரு புதன்கிழமை தனியாக வந்தாள். வாப்பாவின் ஆலையில் இருந்து தண்ணீர் மோட்டர் கொண்டுவந்து, கிணற்றை இறைத்தாள். ஊறியது மணந்தது. மறுபடி இறைத்தாள். மறுபடி மணந்தது. ராத்தா அவளை ஏசவில்லை. வேறு தெருவிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அந்தப் பிள்ளை குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். கிணற்றைப் பற்றி ஆய்வில் ஒரு அத்தியாயம் எழுதியதாகச் சொன்னாள். சேர் அதைத் திருத்திக் கொடுத்தார். திருத்திய பிறகு அது அத்தியாயமாக இல்லை, ஒரு பந்தியாக இருந்தது. தலைப்பு, சமூக ஏற்புத் தயக்கம். கிணறு என்ற சொல் அதில் இல்லை. அவள் அதை அப்படியே ஒப்படைத்து, பட்டம் எடுத்தாள். தொலைபேசியில் சொன்னபோது வாழ்த்தினேன். வாழ்த்தும்போது வாய் கசந்தது. அந்தக் கசப்பு அவள் மேலா, அவளுக்கு வேறு வழி வைக்காதவர்கள் மேலா என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மேல்மாடியை அவர்கள் காலி செய்தபோது பெயர்ப்பலகையை விட்டுவிட்டுப் போனார்கள். குளிர்சாதனப் பெட்டியில் அந்தப் போத்தலும் இருந்தது. திறந்து ஊற்றினேன். குளியலறையை இரண்டு தரம் கழுவ வேண்டியிருந்தது.

மாரி பிறந்தது. எங்கள் பக்கத்தில் மாரி வந்தால் கிணறு வாய் வரைக்கும் நிரம்பும். தண்ணீர் தெளிந்தது. மணமும் குறைந்து, ஒரு நாள் இல்லாமல் போனது. நான் முகர்ந்து சொன்னேன். அயலவர்கள் முகர்ந்து சொன்னார்கள். ராத்தா தலையாட்டினார். ஆனால் அதற்குள் குழாய் இணைப்பு எடுத்துவிட்டார். இடியப்பத்துக்கும் குழாய், வுழூவுக்கும் குழாய். கிணற்றுத் தண்ணீரைத் தென்னைக்கு மட்டும் விட்டார். குடத்தோடு யாரும் வருவதில்லை. செருப்போடு கிணற்றடிக்குப் போனாலும் இப்போது குசினிக்குள் இருந்து சத்தம் வருவதில்லை.

மாரி முடிகிற நேரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் மௌலவி தொலைபேசி எடுத்தார். சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு நிதி கிடைத்துவிட்டது என்ற நல்ல செய்தியைச் சொன்னார். முதல் கட்டம் வெற்றியென்று மதிப்பிட்டிருக்கிறார்களாம். மேல்மாடி கிடைக்குமா என்று கேட்டார். வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். மேல்மாடி அப்போது காலியாகத்தான் இருந்தது. நான் அதன் பின்பக்க யன்னலில் நின்றுதான் கதைத்துக்கொண்டிருந்தேன்.

"பின்வீட்டு ராத்தா எப்படி இரிக்காங்க?" என்றார்.

குனிந்து பார்த்தேன். ராத்தா விறாந்தையில் பாய் விரித்து, வெள்ளைத் தொழுகைச் சேலையோடு நின்றார்.

"தொழுதுகொண்டிரிக்கா."

"இந்த நேரத்திலயா? ழுஹா தொழுகையா இருக்கும். மாஷா அல்லாஹ்."

"இல்ல மௌலவி. கழா," என்றேன்.

எந்த நாளுடையது என்று அவர் கேட்கவில்லை.